கோர்க் எம்எஸ்-20க்கு மிடி: ஒரு துளைகூடப் போடாமல்

கோர்க் நிறுவனம் எம்எஸ்-20 சின்தசைசரை வெளியிட்டது 1978இல். இசைக்கருவிகளும் கணினிகளும் ஸ்வரங்களைச் செய்தியாகப் பரிமாறிக்கொள்ளும் மிடி என்ற ஏற்பாடு உலகத்துக்கு வந்தது 1983இல். அந்த இடைவெளியின் விளைவு எளியது. ஒலியைப் பிறப்பிக்கும் இரண்டு ஆஸிலேட்டர், அதைச் செதுக்கும், அலறக்கூடிய இரண்டு ஃபில்டர், வலப்பக்கம் முழுக்க ஜாக் துளைகள் என்று எல்லாம் இருந்தும், லேப்டாப்பிலிருந்து ஒரு ஸ்வரம் அனுப்ப இந்த மெஷினில் வழியே கிடையாது. ஜப்பானிலிருந்து வாங்கி வந்த ஒரு எம்எஸ்-20ஐ வைத்திருக்கும் இசையமைப்பாளர் நண்பர் என்னிடம் கேட்டது இரண்டே விஷயம். லேப்டாப்பிலிருந்து இதை வாசிக்க முடிய வேண்டும். மெஷினுக்குள் கை வைக்கக் கூடாது.

இரண்டாவது நிபந்தனையில் எனக்கும் முழுச் சம்மதம். இத்தனை வருடம் தாக்குப்பிடித்த ஒரு கருவியின் உடம்பில் டிரில் வைத்து ஐந்து முள் சாக்கெட் பொருத்துவதைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எம்எஸ்-20இல் அதற்குத் தேவையும் இல்லை. வேண்டிய எல்லா வாசலையும் முன்பக்கத்திலேயே வைத்துவிட்டார்கள். வெளியே ஒரு சின்னப் பெட்டி, அதிலிருந்து இரண்டு மூன்று ஒயர், அவ்வளவுதான்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வேலை நடந்தால் போதும் என்பவர்கள் இதைச் செய்ய வேண்டியதில்லை. 2013இல் கோர்க்கே வெளியிட்ட எம்எஸ்-20 மினியில் மிடி இருக்கிறது. பழைய மெஷினே வேண்டும் என்றால், கோர்க் எஸ்க்யூ-1 சீக்வென்சரை யுஎஸ்பி வழியாக, மிடியை வோல்ட்டேஜாக மாற்றும் கருவியாகப் பயன்படுத்தலாம். கென்டன் நிறுவனத்தின் பெட்டிகளும் இந்த மெஷினின் மொழி பேசும். நாங்கள் சொந்தமாகச் செய்யப் போனதற்குக் காரணம் நண்பர் கேட்ட அடுத்த கேள்வி: "இதுல கமகம் ஒழுங்கா வருமா?"

மெஷின் ஜப்பானுக்கானது என்பதால் 100 வோல்ட்டில் ஓடுவது. நம்மூர் 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் கதை அங்கேயே முடிந்துவிடும். பின்பக்க லேபிளைப் பார்த்து, சரியான ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்த பிறகுதான் மற்ற எல்லாம்.

இந்த மெஷின் எப்படி எண்ணுகிறது

மிடியை வோல்ட்டேஜாக மாற்றும் சர்க்யூட்கள் இணையத்தில் கொட்டிக் கிடக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை எம்எஸ்-20இல் வேலை செய்யாது. மூக், ரோலண்ட், ஆர்ப் கருவிகளில் ஒரு ஸ்தாயி ஏற ஒரு வோல்ட் கூட்ட வேண்டும். 1, 2, 3, 4 என்று சம படிகள். எம்எஸ்-20 வேறு கட்சி. இங்கே வோல்ட்டேஜும் அதிர்வெண்ணும் நேர் விகிதத்தில் போகும். ஸ்தாயி ஏற வோல்ட்டேஜ் இரட்டிப்பாக வேண்டும்: 1, 2, 4, 8. இதை ஹெர்ட்ஸ்-வோல்ட் முறை என்பார்கள். யமஹாவின் சிஎஸ் வரிசைக் கருவிகள் சிலவும் இதே முறையில் ஓடுபவைதான். சாவியை அழுத்தியபடி கீபோர்டு வோல்ட்டேஜ் வரும் ஜாக்கில் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால் கண்ணெதிரே தெரியும். மேலே போகப் போகப் படிகள் அகலமாகும், கீழே வரும்போது நெருங்கி நெருங்கிக் குறுகிவிடும்.

இரண்டாவது சங்கதி டிரிகர், அதாவது ஸ்வரத்தைத் தொடங்கச் சொல்லும் சிக்னல். மற்ற பல கருவிகளில் சாவியை அழுத்தினால் அந்தச் சிக்னல் போகும் கேட் ஒயரில் 5 வோல்ட் ஏறும். எம்எஸ்-20இல் டிரிகர் ஜாக்கில் சும்மா இருக்கும்போதே சில வோல்ட் நிற்கிறது. அதை கிரவுண்டோடு ஷார்ட் செய்தால்தான் ஸ்வரம் தொடங்கும். சாதாரண கேட்டைக் கொண்டுவந்து செருகினால் எல்லாம் தலைகீழ். சாவியை அழுத்தினால் மௌனம், விட்டால் சத்தம்.

இந்த இரண்டும்தான் வேலையின் கனம். மிடியைப் படிப்பது ஒரு பொருட்டே இல்லை. பழைய மெஷின் சுருதியை எப்படி எண்ணுகிறதோ அப்படி நாமும் எண்ணப் பழகுவதில்தான் நேரம் போனது.

மிடி வாங்கும் பக்கம்

மிடி என்பது வினாடிக்கு 31,250 பிட் வேகத்தில் ஓடும் சீரியல் தொடர்பு. ஒரு மெகாஹெர்ட்ஸை 32ஆல் வகுத்தால் வரும் எண் அது. பெட்டியின் மூளையாக நான் வைத்த சின்னக் கணினிப் பலகை ஆர்டுயினோ நானோ; அதன் 16 மெகாஹெர்ட்ஸ் கிளாக்கிலும் மிச்சமில்லாமல் வகுபடும். வேகம் பிசகுமோ என்ற கவலை இல்லை.

ஐந்து முள் சாக்கெட்டின் 4ஆம் முள்ளிலிருந்து 220 ஓம் ரெசிஸ்டர் வழியாக, சிக்னலை ஒளியால் கடத்தும் ஐசியான 6என்138 ஆப்டோகப்ளரின் 2ஆம் கால். 5ஆம் முள்ளிலிருந்து அதன் 3ஆம் கால். அந்த இரண்டு காலுக்கும் குறுக்கே திருப்பிப் போட்ட 1என்4148 டயோடு. வெளிவரும் 6ஆம் காலை 470 ஓம் வழியாக 5 வோல்ட்டுக்கு இழுத்து, நானோவில் செய்தி வாங்கும் ஆர்எக்ஸ் பின்னில் கொடுத்தேன். 7ஆம் காலிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு 10 கிலோ ஓம் வைத்தால் ஐசி சுறுசுறுப்பாக அணையும். கடையில் "இதுவும் ஆப்டோதான் சார்" என்று பிசி817ஐக் கையில் கொடுப்பார்கள். வாங்காதீர்கள். இந்த வேகத்துக்கு அது தத்தளிக்கும்.

சாக்கெட்டின் 2ஆம் முள்ளை வாங்கும் பக்கத்தில் கிரவுண்டோடு இணைக்கவே கூடாது. இரண்டு கருவிகளின் கிரவுண்டும் ஒன்றையொன்று தொடாமல் இருக்கத்தான் ஆப்டோகப்ளரே இருக்கிறது. இதன் பலன் எங்களுக்கு உடனே தெரிந்தது. புரோகிராமைச் சரிபார்க்க நானோவை யுஎஸ்பி ஒயரால் லேப்டாப்போடு இணைத்திருந்தபோது ஸ்பீக்கரில் கொசு ரீங்காரம் போல ஒரு இரைச்சல் வந்தது. ஒயரைப் பிடுங்கியதும் போய்விட்டது.

நானோவில் அதே ஆர்எக்ஸ் பின்னைத்தான் யுஎஸ்பியும் பயன்படுத்துகிறது. புரோகிராம் ஏற்றும்போது ஆப்டோவைத் துண்டிக்க நடுவில் ஒரு சின்ன ஸ்விட்ச் வைத்துக்கொண்டேன்.

மிடி செய்திகளில் கவனிக்க வேண்டியவை சில. 144 முதல் 159 வரையுள்ள எண் வந்தால் ஸ்வரம் தொடங்குகிறது. பின்னாலேயே ஸ்வர எண்ணும் அழுத்த அளவும் வரும். அழுத்தம் பூஜ்ஜியம் என்றால் அது தொடக்கமல்ல, முடிவு. பல கீபோர்டுகள் ஸ்வரத்தை அணைப்பதே இப்படித்தான். ஒரே வகைச் செய்தி அடுத்தடுத்து வந்தால் முதல் எண்ணை அனுப்பாமல் மிச்சம் பிடிப்பதும் உண்டு. தாளத்துக்கான 248ஓ, உயிரோடிருக்கிறேன் என்று சொல்லும் 254ஓ எந்த இடத்தில் வேண்டுமானாலும் நடுவில் நுழையும். அவற்றை ஒதுக்கிவிட்டு விட்ட இடத்திலிருந்து படிக்க வேண்டும். ரெடிமேட் லைப்ரரிகள் இதையெல்லாம் பார்த்துக்கொள்ளும்தான், ஆனால் சொந்தமாக எழுதினாலும் ஒரு பக்கத்துக்கு மேல் போகாது.

பிட் கணக்கு

எண்ணை வோல்ட்டேஜாக்க எம்சிபி4822 என்ற ஐசியை எடுத்தேன். 12 பிட், இரண்டு சேனல், உள்ளேயே ரெஃபரன்ஸ். 0 முதல் 4.095 வோல்ட் வரை, படிக்கு ஒரு மில்லிவோல்ட் கொடுக்கும். வோல்ட்டேஜைப் பெருக்கும் ஐசியான ஆப்-ஆம்ப் வைத்து இரட்டிப்பாக்கினால் 8.19 வோல்ட் வரை போகலாம். படி 2 மில்லிவோல்ட்.

பக்கத்துப் பக்கத்துச் சாவிகளின் இடைவெளியான ஸெமிடோனில் நூறில் ஒரு பங்குதான் ஒரு சென்ட். ஒரு வோல்ட்டுக்கு ஒரு ஸ்தாயி என்ற முறையில் 2 மில்லிவோல்ட் என்பது 2.4 சென்ட். எங்கே வாசித்தாலும் அதே 2.4. காதுக்கு எட்டாது. நம் மெஷினில் அப்படி இல்லை. 8 வோல்ட்டில் 2 மில்லிவோல்ட் என்பது அரை சென்ட்கூட இல்லை. 1 வோல்ட்டில் அது 3.5 சென்ட்; இரண்டு ஸ்தாயி கீழே, கால் வோல்ட்டில், கிட்டத்தட்ட 14 சென்ட். எவ்வளவு சரியாகக் கணக்குப் போட்டு அனுப்பினாலும் அந்த இடத்தில் ஸ்வரம் 7 சென்ட் வரை விலகி நிற்கலாம். பேஸ் வாசிக்கத்தான் எம்எஸ்-20ஐ வாங்குகிறார்கள் என்றால், பிழை சரியாக அங்கேதான் குவிகிறது.

16 பிட் ஐசி வாங்கினால் தீரும். ஆனால் இருக்கும் ஐசியில் இரண்டாவது சேனல் சும்மா கிடக்கிறதே. முதல் சேனலை 1 கிலோ ஓம் வழியாகவும் இரண்டாவதை 68 கிலோ ஓம் வழியாகவும் ஒரே புள்ளியில் சேர்த்து ஆப்-ஆம்புக்குக் கொடுத்தேன். முதல் சேனல் பெரிய படி, இரண்டாவது அந்தப் படிக்குள் நுண்படி. கடைசியில் கிடைக்கும் நுண்படி 0.03 மில்லிவோல்ட்டை ஒட்டி வரும். இரண்டாவது சேனலின் முழு வீச்சு 119 மில்லிவோல்ட். அதை நடுவில் நிறுத்தி வைத்தால் மேலும் கீழும் தாராளமாகத் திருத்தலாம். எம்சிபி4822இன் படிகள் எல்லாம் துல்லியமாக ஒரே அளவு அல்ல. அங்கங்கே சில படி பிசகும். அதைச் சரிக்கட்டவும் இந்த நுண்படியே உதவும்.

அடுத்தது ஆஃப்செட். நான் பார்த்தவரை ஹெர்ட்ஸ்-வோல்ட் மெஷின்களுக்குப் பெட்டி செய்பவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான். எல்எம்358 என்ற ஆப்-ஆம்ப் மலிவு, 12 வோல்ட் ஒற்றை சப்ளையில் பூஜ்ஜியம் வரை இறங்கும், எல்லாக் கடையிலும் கிடைக்கும். ஆனால் அது தன் பங்குக்குச் சில மில்லிவோல்ட்டைக் கூடவோ குறைத்தோ சேர்த்துவிடும். மற்ற முறையில் இது பெரிய விஷயமில்லை. எல்லா ஸ்வரமும் ஒரே அளவு நகரும், டியூன் குமிழைத் திருப்பினால் சரி. இங்கே 5 மில்லிவோல்ட் ஆஃப்செட் என்பது 8 வோல்ட்டில் 1 சென்ட், 1 வோல்ட்டில் 8.6 சென்ட், கால் வோல்ட்டில் 34 சென்ட். டியூன் குமிழால் இதைத் தீர்க்கவே முடியாது. மேல் ஸ்தாயியைச் சரிசெய்தால் கீழ் ஸ்தாயி கெடும். "பழைய சின்த், டியூன் நிற்காது" என்று மெஷின் மேல் பழி போடப்படும் பல நேரங்களில் குற்றவாளி வெளியே வைத்த பத்து ரூபாய் ஐசிதான் என்பது என் சந்தேகம்.

அதற்குப் பதில் எல்டி1013 போட்டேன். எல்எம்358 உட்கார்ந்த அதே எட்டுக் கால் சாக்கெட்டில் அப்படியே உட்காரும், ஆஃப்செட் சில நூறு மைக்ரோவோல்ட்டுக்குள். விலை அதிகம், சென்னை ரிச்சி தெருவில் தேடித்தான் பிடிக்க வேண்டும். போலியும் உலவுகிறது, வாங்கியதும் உள்ளீட்டை கிரவுண்டில் வைத்து வெளியீட்டை அளந்து பார்த்துக்கொள்வது நல்லது.

பெட்டியே சுருதி பிடிக்கட்டும்

நம் பக்கத்தில் ஆஃப்செட்டைக் குறைத்தாலும் மெஷினின் உள்ளே அதற்கென்று ஒன்று இருக்கும். வயதான கருவி வேறு. உள்ளே திருகித் திருத்தும் டிரிம்மர்கள் இருக்கின்றன, ஆனால் கை வைப்பதில்லை என்று பேச்சு. நல்ல வேளையாக, நேர் விகிதம் என்பதால் இரண்டு ஸ்வரத்தை அளந்தாலே ஆஃப்செட் தெரிந்துவிடும். எங்கள் மெஷினில் 8 வோல்ட்டுக்கு 1046.5 ஹெர்ட்ஸ் வரும்படி குமிழை வைத்துக்கொண்டு 1 வோல்ட் கொடுத்தோம். வர வேண்டியது 130.81, வந்தது 128.2. கிட்டத்தட்ட 35 சென்ட் தாழ்வு. முதல் அதிர்வெண்ணை இரண்டாவது வோல்ட்டால் பெருக்கி, அதிலிருந்து இரண்டாவது அதிர்வெண்ணையும் முதல் வோல்ட்டையும் பெருக்கியதைக் கழித்து, அதிர்வெண்களின் வித்தியாசத்தால் வகுத்தால் விடை: சுமார் 23 மில்லிவோல்ட் குறைகிறது. அனுப்பும் ஒவ்வொரு வோல்ட்டேஜிலும் அதைக் கூட்டிவிட்டு, டியூன் குமிழைத் துளி திருப்பினால் மேலும் கீழும் ஒன்றுசேர்ந்துவிட்டது.

இதைக் கையால் செய்வதற்குப் பதில் பெட்டியே செய்யட்டும் என்று தோன்றியது. சின்த்தின் ஆடியோ வெளியீட்டிலிருந்து ஒரு ஒயரை எல்எம்393 கம்பேரேட்டருக்குக் கொண்டுவந்து, சதுர அலையாக்கி நானோவின் டி8 பின்னில் கொடுத்தேன். அந்தப் பின்னில் மட்டும் அலை எப்போது ஏறியது என்பதை டைமரே குறித்துக்கொள்ளும் வசதி இருக்கிறது. அரை மைக்ரோசெகண்டுக்கு ஒரு எண்ணிக்கை என்று வைத்தால் 16 பிட் டைமர் 30.5 ஹெர்ட்ஸ் வரை தாங்கும். எங்களுடைய கடைசிக் கீழ் ஸ்வரம் 32.7 ஹெர்ட்ஸ், மயிரிழையில் உள்ளே வருகிறது. மேல் ஸ்தாயியில் ஒரு எண்ணிக்கை கிட்டத்தட்ட ஒரு சென்ட் என்பதால் 32 அலைகளின் சராசரி எடுத்துக்கொள்கிறது.

பெட்டியில் ஒரு பட்டன். அழுத்தினால் கீழிருந்து மேலாக ஒவ்வொரு ஸ்வரமாக வாசித்து, கேட்டு, திருத்தி, அந்தத் திருத்தத்தை நானோவின் நிரந்தர நினைவகத்தில் எழுதிக்கொள்ளும். 61 ஸ்வரத்துக்கு நான்கு நான்கு பைட் என்றாலும் 244 பைட்தான். அங்கே ஒரு கிலோபைட் இடம் இருக்கிறது. இதற்கு முன் இரண்டாவது ஆஸிலேட்டரின் சத்தத்தை முழுக்கக் குறைத்து, ஃபில்டர்களைத் திறந்து, ரெசொனன்ஸையும் எல்லா மாடுலேஷன் குமிழையும் பூஜ்ஜியத்தில் வைக்க வேண்டும். இல்லையென்றால் பெட்டி கேட்பது வேறு எதையோ.

மெஷின் சூடேற அரை மணி நேரமாவது கொடுத்த பிறகு செய்வது உத்தமம். ஏசி ஓடும்போது பிடித்த சுருதி, ஏசியை அணைத்தபின் அப்படியே நிற்பதில்லை. அப்போது பட்டனை இன்னொரு தரம் அழுத்திக்கொள்ளலாம். இந்தத் திருத்தம் முதல் ஆஸிலேட்டருக்குத்தான். இரண்டும் ஒரே வோல்ட்டேஜை வாங்குவதால் இரண்டாவது அதன் போக்கில் கொஞ்சம் அலையும். அலையட்டும். அந்த மெல்லிய விலகலில்தான் இந்தக் கருவியின் தடிமனான சத்தமே இருக்கிறது. அதையும் நேராக்கினால் லேப்டாப்பில் இருக்கும் மென்பொருளே போதுமே.

டிரிகர், பிறகு கமகம்

டிரிகருக்கு பிசி547 என்ற ஒரு டிரான்சிஸ்டர் போதும். நானோவின் பின்னிலிருந்து 10 கிலோ ஓம் வழியாக பேஸ், எமிட்டர் கிரவுண்டில், கலெக்டர் ஜாக்கின் நுனியில். பின்னை ஏற்றினால் டிரான்சிஸ்டர் ஷார்ட் செய்யும், ஸ்வரம் தொடங்கும். நம் பக்கத்திலிருந்து எந்த வோல்ட்டேஜும் மெஷினுக்குள் போவதில்லை என்பதால் மனதுக்கும் நிம்மதி.

வரிசை முக்கியம். முதலில் சுருதி வோல்ட்டேஜ், அது நிலைபெற்ற பிறகு டிரிகர். மாற்றிச் செய்தால் ஒவ்வொரு ஸ்வரத்தின் தொடக்கத்திலும் பழைய ஸ்வரத்தின் வால் கேட்கும். ஒரே குரல் உள்ள கருவி என்பதால், அழுத்தியிருக்கும் சாவிகளையெல்லாம் ஒரு பட்டியலில் வைத்து, கடைசியாக அழுத்தியது ஒலிக்கும்படி எழுதினேன். அதை விட்டால் முந்தையதுக்குத் திரும்பும். அந்தத் திரும்பலில் டிரிகரை மறுபடி கொடுப்பதில்லை. அப்போதுதான் ஜாரு மாதிரி இழைந்து வரும். தட்டித் தட்டி வாசிக்க வேண்டியபோது டிரிகரைச் சில மில்லிசெகண்ட் விட்டுப் பிடிக்க ஒரு ஸ்விட்ச் இருக்கிறது.

இப்போது நண்பரின் கேள்வி. கீபோர்டின் சுருதி வளைக்கும் சக்கரம் அனுப்பும் பிட்ச் பெண்ட் செய்தி 14 பிட். 0 முதல் 16,383 வரை, நடு 8,192. நெளிவுக்குத் தாராளமான அளவு. ஆனால் பல கீபோர்டுகள் அதில் மேல் 7 பிட்டை மட்டும்தான் உண்மையில் அனுப்புகின்றன. சக்கரத்தின் வீச்சு இரண்டு ஸெமிடோன் என்றால் தெரியாது. நண்பருக்கு வேண்டியதோ மேலே ஒரு ஸ்தாயி, கீழே ஒரு ஸ்தாயி. அந்த வீச்சை 128 படியாக வெட்டினால் படிக்கு 19 சென்ட். ஒரு காம்போதியின் நிஷாதத்தை அசைக்கப் போனால் மாடிப்படி ஏறி இறங்குவது நன்றாகக் காதில் விழும்.

அதனால் வந்த எண்ணுக்கு உடனே தாவாமல், ஒவ்வொரு மில்லிசெகண்டும் மிச்ச தூரத்தில் எட்டில் ஒரு பங்கு நகரும்படி செய்தேன். ஒரு பெண்ட் செய்தி ஒயரில் வந்து சேரவே ஏறக்குறைய ஒரு மில்லிசெகண்ட் ஆகும் என்பதால், இந்தத் தாமதம் விரலுக்குத் தெரிவதில்லை, படிகள் கரைந்துவிடுகின்றன. எட்டை நாலாக்கினால் கூர்மை கூடும், பதினாறாக்கினால் வீணை மாதிரி இழுபடும். அந்த எண்ணைப் பெட்டியில் ஒரு குமிழுக்குக் கொடுத்துவிட்டேன். நண்பர் அதிகம் தொடுவது அந்தக் குமிழைத்தான்.

கணக்கு நடப்பது ஸெமிடோனில், வோல்ட்டில் அல்ல. மற்ற முறையில் பெண்டுக்கான வோல்ட்டை ஸ்வரத்தின் வோல்ட்டோடு கூட்டினால் போதும். இங்கே கூட்டினால் கீழே பெரிய வளைவும் மேலே சின்ன வளைவுமாக வரும். ஸ்வர எண், பெண்ட் எல்லாவற்றையும் முதலில் கூட்டிவிட்டு, கடைசியில் ஒரே முறை இரண்டின் அடுக்காக மாற்றி, அதன்பின் ஆஃப்செட்டையும் அந்த ஸ்வரத்துக்கான திருத்தத்தையும் சேர்க்க வேண்டும். இரண்டு ஸ்வரத்துக்கு நடுவில் நிற்கும்போது அக்கம்பக்கத் திருத்தங்களின் இடைமதிப்பை எடுக்க வேண்டும். இல்லையென்றால் நீண்ட ஜாருவில் ஒவ்வொரு ஸ்வரத்தைத் தாண்டும்போதும் ஒரு சின்ன விக்கல் கேட்கும்.

மெஷினில் இன்னொரு குறுக்குவழியும் உண்டு. மாடுலேஷனுக்கான உள்ளீட்டில் சாதாரண ஸ்தாயிக்கு-ஒரு-வோல்ட் பெட்டியைச் செருகி, அதன் குமிழைத் திருப்பித் திருப்பி ஸ்தாயியைப் பொருத்தலாம். வேலை செய்யும். ஆனால் யாராவது அந்தக் குமிழை உரசினால் போச்சு. மேடையில் நடக்கிற காரியமில்லை.

மாடுலேஷன் சக்கரத்தை ஃபில்டருக்குக் கொண்டுபோக நுணுக்கம் ஒன்றும் தேவைப்படவில்லை. வேகமாக ஏறி இறங்கி சராசரி வோல்ட்டேஜ் தரும் நானோவின் பிடபிள்யூஎம் பின், ஒரு ரெசிஸ்டர், ஒரு கெபாசிட்டர், எல்டி1013இல் மிச்சமிருந்த பாதி. ஃபில்டரின் கட்ஆஃப் ஜாக்கில் செருகியதும் அசைந்தது. எட்டு பிட் அங்கே தாராளம்.

பெட்டியில் இன்னும் பாக்கி இருப்பது தாளம். மிடியில் ஒரு குவார்ட்டர் நோட்டுக்கு 24 துடிப்பு வருகிறது. அதை ஆறால் வகுத்து ஒரு ஜாக்கில் கொடுத்தால் நண்பரிடம் இருக்கும் பழைய சீக்வென்சரும் லேப்டாப்போடு சேர்ந்து ஓடும். டிரான்சிஸ்டரும் ஜாக்கும் வாங்கி வைத்தாயிற்று, போர்டில் ஒரு பின்னும் காலியாக இருக்கிறது.